ராத்தா எழுதிய கோப்பு

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரே வரி நின்றது: கோப்பைத் திறக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் வந்த அந்த வரியை ராத்தா, என் மூத்த சகோதரி, கொப்பியில் எழுதிக்கொண்டாள். எண்பதுகளின் கடைசி. கல்முனையில் ஒரு முதலாளி நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் இருவரும் படித்தோம். தமிழில் கடிதம் அச்சடிக்கும் நிரல் ஒன்றின் மூல வரிகளைக் கொழும்பிலிருந்து யாரோ அவருக்கு மூன்று பிளாப்பித் தட்டுகளில் அனுப்பியிருந்தார்கள். அதை ஓட வைக்கிறவருக்கே வகுப்பில் ஆசிரியர் வேலை என்றார் முதலாளி.

ஊரடங்கு இல்லாத பகல்களில் மட்டும் போனோம். நிரலின் ஒரு பகுதி மற்றதை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லும் சின்னக் கோப்புக்கு ஹெடர் என்று பெயர். மூலத்தை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் கம்பைலர் அவற்றைத் தவறான இடத்தில் தேடுகிறது என்று கண்டுபிடித்தவள் ராத்தாதான். அதைத் திருத்தியதும் பிழைகள் குறைந்து ஒன்று மிஞ்சியது. அந்த ஹெடர் எந்தப் பிளாப்பியிலும் இல்லை. நான் கைவிட்டேன்.

"அவங்க அனுப்பவே இல்லடா தம்பி. நாமதான் எழுதணும்," என்றாள். மூலத்தை வரிவரியாக வாசித்து, எந்தப் பெயர் எங்கே எப்படி வருகிறது என்று குறித்து, இல்லாத கோப்பைத் தானே எழுதினாள். பதினோராம் நாள் அச்சுப்பொறி தமிழ் அடித்தது.

அவள் நண்பகல் லுஹர் தொழ வீட்டுக்குப் போயிருந்த நேரம் முதலாளி வந்தார். "ஆருடா இதச் செஞ்சது?"

"நான்தான்," என்றேன்.

திரும்பி வந்தவளிடம், "தம்பி கெட்டிக்காரன், புள்ள. வேலை அவனுக்குத்தான்," என்றார். ராத்தா என்னைப் பார்த்தாள். "ஓம், கெட்டிக்காரன்தான்." கொப்பியை எடுத்துக்கொண்டு போனவள் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

அந்த வேலையைக் காட்டித்தான் கட்டாருக்குப் போனேன். முதல் மாதமே அதே மாதிரிப் பிழை. எனக்குப் பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டு, திரையில் வந்ததை அப்படியே எழுதி அவளுக்கு அனுப்பினேன். வேலை போய்விடும் என்றும் எழுதினேன். மேலாளரிடம் சாக்குச் சொல்லி மூன்று வாரம் கடத்தியபின் பதில் வந்தது. எங்கே தேடுவது, எதை மாற்றுவது என்று இரண்டு பக்கம். செய்தேன், ஓடியது. சுகமா என்று அவள் கேட்டிருக்கவில்லை. அடியில் மட்டும், "கடிதம் வந்து சேர நாளாகுது. இனி நீயே படிச்சிக்க."

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் வாழ்ந்துவிட்டேன். ராத்தா மருதமுனையில் தையல் தைக்கிறாள். தொலைபேசியில் மழை, வேளாண்மை, பிள்ளைகளின் கலியாணம் எல்லாம் கதைப்போம். என் வேலையைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் தொலைபேசியை வைத்துவிடுகிறேன்.