விடுபட்ட இரண்டு தோணிகள்

அப்போதெல்லாம் தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவிலேயே நிற்கும். தோணிகள்தாம் சரக்கைக் கொண்டுவரும். கப்பல்கள் கரைக்கே வரும்படி கடலை ஆழப்படுத்த வேண்டாம், அதுவே ஊருக்கு நன்மை என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் மனு கொடுத்தார்கள். யுத்தம் முடிந்த வருஷம், பொருளாதார மாணவியான நான் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். "ஊர் நன்மை என்றவர்கள் அத்தனை பேரும் தோணி முதலாளிகள்" என்று கோபமாகப் பெயர்களை அடுக்கினேன். ஒரு பெயரைத் தவிர.

அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"ஏளா, என் ரெண்டு தோணியையும் எங்கன ஒளிச்சு வச்சிருக்க? நான் மட்டும் ஊருக்காகவா கையெழுத்துப் போட்டேன்?"

பென்சிலை எடுத்துப் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்தார். என்னைப் படிக்கவைத்தவை அந்தத் தோணிகள்தாம். ஆனாலும் அந்தக் கட்டுரையில் இன்றும் நன்றியோடு நான் நினைப்பது, நான் எழுதாத அந்த ஒரு வரியைத்தான்.