தலையெழுத்து இல்லை

திண்டுக்கல்லில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது, கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு பயிரிடும் ஓர் அம்மாள் வாய்தாவுக்கு வாய்தா வருவார். மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்ததில் வலது கை விளங்காமல் போனவர். உட்காரும்போதெல்லாம் அந்தக் கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

பஸ் முதலாளி ஆளனுப்பிச் சமரசம் பேசினார். அம்மாள் மறுத்துவிட்டார்.

“எத்தனை தடவை மலையிறங்குவீங்க? ஒத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்லம்மா?” என்றேன்.

“பிரேக்கு சரியில்லன்னு டிரைவரு மொத நாளே சொல்லியிருக்காரு. தெரிஞ்சேதான் வண்டிய அனுப்பியிருக்காக. ஊருல எல்லாரும் என் தலையெழுத்துங்கிறாக. இல்ல, அவுக தப்புன்னு கோர்ட்டு சொல்லட்டுங்க.”

வேலையிழந்த அந்த டிரைவரே கடைசியில் வந்து சாட்சி சொன்னார். தவறு முதலாளியுடையதுதான் என்று தீர்ப்பானது. வக்கீல் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னபோது அம்மாள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

“இனிமே நான் வர வேண்டாம்லங்க?” என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

“வேண்டாம்மா.”

கோர்ட் வராந்தாவில் சுவரோரம் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.