மாமாவின் கரண்ட் வேலி

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் தேவையில்லை. இப்போதும் படலையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போன பிறகு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்தான் நான். சின்னதில் இன்னும் மோசம். அதனால் வீட்டில் ஒருவரும் எனக்கு ஒரு கதையும் சொல்வதில்லை. சொன்னால் நானும் நித்திரை கொள்ளமாட்டேன், அவர்களையும் கொள்ள விடமாட்டேன். மாமா மட்டும் ஒரே ஒரு முறை சொன்னார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். நெடுங்கேணிக்கு அங்கால், வாய்க்கால் கரையோடு இருந்த காணியில் கப்பல் வாழை வைத்தார். முதல் வருடம் குலை முற்றிவந்த நேரம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. வெட்டினவர்கள் நல்ல கூரான கத்தி வைத்திருக்கிறார்கள் என்று மாமா சொன்னார். கோபத்திலும் அடுத்தவனுடைய கத்தியை மெச்சத் தெரிந்த மனிதர்.

மதில் கட்டுவோம் என்று யோசித்து, அனுமதி கேட்கச் சபைக் கந்தோருக்குப் போனார். மதிலுக்குப் படம் கீறிக் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும், றோட்டுக்கரையில் இவ்வளவு விடவேண்டும், வாய்க்கால் கரையில் இவ்வளவு விடவேண்டும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, "அக்கா, என்ரை காணியிலை வாழை நட மட்டும்தான் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை" என்றார்.

கம்பி வேலிக்கு அவ்வளவு கரைச்சல் இல்லை. மாமா வாய்க்காலில் இருந்து நாடா பிடித்து அளந்து, விடச் சொன்னதற்கு மேல் ஒரு அடி கூடவே விட்டு, முள்ளுக்கம்பி அடித்தார். கேள்வி கேட்க வருகிறவனுக்கு அந்த ஒரு அடி இனாம் என்று சொன்னார். கள்ளருக்கு அந்த வேலி ஒரு பொருட்டாகவே இல்லை. கவர்த் தடியால் கீழ்க்கம்பியை உயர்த்திவிட்டுப் புகுந்து, இரண்டாம் வருடத்து முதல் குலையையும் கொண்டுபோனார்கள். அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை. "மிச்சமும் போனால் வாழையைப் பிடுங்கிப்போட்டுக் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போவன்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் மாமாதான். அவர் போனால் இந்த வீட்டில் என்ன சத்தம் இருக்கும்?

அந்தச் சனிக்கிழமை மாமா பழைய பைப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தூண்களில் கட்டி, அதற்குள்ளால் முள் இல்லாத இரண்டு கம்பிகளை இழுத்தார். பார்த்தால் காட்டுக்கரையில் யானைக்கு அடித்திருக்கிற வேலி மாதிரியே இருந்தது. கம்பிகள் இரண்டும் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த ஒரு பெட்டிக்குள் போயின. சிவப்புப் பெயின்றில் "கவனம்" என்று மட்டும் எழுதி ஒரு பலகையும் தூக்கினார். பிறகு அண்ணாவை விட்டுவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, கம்பியிலை கரண்ட் விட்டிருக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அனுமதி இல்லாமல் விட்டது கந்தோருக்குத் தெரிஞ்சால் வேலியையும் பிடுங்கி என்னையும் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரிந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூட இடைவேளையில், எனக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொன்னேன். அவளுடைய தாயின் ஆடுகள் அந்தக் கரையில்தான் மேய்கிறவை. ஆடு செத்தால் ஆர் பொறுப்பு? பிறகு, அந்த வழியால் வீட்டுக்குப் போகிற இன்னும் இரண்டு பேருக்கும் சொன்னேன். புதன்கிழமை கடையடியிலும் அதே கதைதான். ஆட்கள் வாய்க்காலின் மற்றக் கரையால் நடக்கத் தொடங்கினார்கள். அடுத்த கிழமை யாரோ முறைப்பாடு எழுதிக் கந்தோருக்குப் பெட்டிசம் போட்டிருந்தார்கள்.

மோட்டார் சைக்கிளில் ஒரு உத்தியோகத்தர் வந்தார். மற்றக் கரையில் சனம் கூடிவிட்டது. ஆட்டுக்காரப் பெண் முன்னுக்கு நின்றா.

"கரண்ட் இல்லையெண்டால் கம்பியைப் பிடிச்சுக் காட்டன் தம்பி, பாப்பம்!"

"ஓம், பிடிச்சுக் காட்டுங்கோ" என்று உத்தியோகத்தரும் சொன்னார்.

மாமா கம்பியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். அவர் முகம் வேர்த்திருந்தது. பிறகு மெல்லக் கையை நீட்டினார். அதற்குமேல் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அவருடைய சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "பிடிக்காதேங்கோ மாமா, செத்துப்போவியள்!" என்று குழறினேன். சாரம் அவிழத் தொடங்கியது. நீட்டின கையை மாமா அவசரமாகச் சாரத்துக்குக் கொண்டுவந்தார். சனம் சிரித்தது. ஆனால் ஒருவரும் கிட்ட வரவில்லை.

உத்தியோகத்தர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். இருவரும் கொட்டிலுக்குப் பின்னால் போனார்கள். கனநேரம் வரவில்லை. யாரோ இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்த உத்தியோகத்தர் வாய் நிறைய வெற்றிலையோடு வாய்க்கால் கரையை அளந்தார், ஏதோ எழுதினார், பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அளவெல்லாம் சரி. சின்னப் பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ."

அந்தப் பெண் அன்றைக்கே தன் ஆடுகளை வேறு பக்கம் கொண்டுபோய்க் கட்டினா.

அந்த வருடம் அதற்குப் பிறகு ஒரு குலையும் போகவில்லை. மாமாவும் போகவில்லை. முதல் பழுத்த சீப்பை எனக்குத்தான் தந்தார். என்னால் விழுங்க முடியவில்லை. சத்தியத்தை மீறினவள் நான். என்றைக்காவது மாமாவுக்குத் தெரியவரும் என்று வருடக்கணக்காகப் பயந்துகொண்டே இருந்தேன்.

போன வருடம் என்னுடைய கச்சான் கடலைத் தோட்டத்துக்கு வேலி அடிக்க யோசனை கேட்கப் போனபோதுதான் மாமா பெட்டியின் கதையைச் சொன்னார். கம்பி இரண்டும் உள்ளே ஒரு ஆணியில் கட்டிக் கிடந்ததாம். பக்கத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் அவர் ஒளித்து வைத்த வெற்றிலைப் பை. வேறொன்றும் இல்லை.

"மாமா, அண்டைக்கு ஊருக்குச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியுமடி. கொண்ணனுக்குச் சொல்லியிருந்தால் அது அவனோடையே கிடந்திருக்கும்."

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மாமா அன்று முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?" என்று கேட்டபடி இருந்தார். "இல்லை மாமா" என்று நான் ஒவ்வொரு முறையும் பெருமையோடு சொல்லச் சொல்ல அவர் முகம் ஏன் வாடிக்கொண்டு போனது என்று எனக்கு விளங்கவே இல்லை.