யார் அந்த மேரி?

அறுபதுகளில் நான் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தேன். கல்யாணமான புதிது. மனைவி செல்வி திருநெல்வேலிப் பக்கம் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். தனி அறை கிடைத்ததும் கூட்டிவருவதாகப் பேச்சு. அறை கிடைத்த சந்தோஷத்தில் ஓடுகிற பஸ்ஸிலேயே கடிதம் எழுதி, இறங்கியதும் தபாலில் போட்டேன்.

பதில் ஒரே வரிதான். “உங்கள் மேரியையே வைத்துக் குடும்பம் நடத்துங்கள், நான் வரவில்லை.”

கூடத் தங்கியிருந்த முருகனிடமே கேட்டேன். “ஏலே, எனக்கு மேரின்னு யாரையும் தெரியுமாலே?”

“ஒம் மூஞ்சிக்கு ஒருத்தி கிடைச்சதே பெருசு. இதுல ரெண்டாவது வேறயா?”

அடுத்து எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று ரயில் ஏறினேன். செய்யாத குற்றத்துக்கு வழியெல்லாம் மன்னிப்பு ஒத்திகை பார்த்தேன்.

வாசலில் மாமனார் மறித்து நின்றார். செல்வி என் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். “நீங்களே சத்தமாப் படிங்க. அப்பாவும் கேக்கட்டும்.”

படித்தேன். “மேரியோடு ஒரு அறை கிடைத்துவிட்டது. மேரி உள்ளேயே இருப்பதால் இனி குளிக்க வெளியே போக வேண்டாம்.”

அறைக்குள்ளேயே குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கும் மூலைக்கு எங்கள் பம்பாயில் மோரி என்று பெயர். பஸ் குலுக்கலில் துணைக்காலை விட்டிருந்தேன். சொல்லிப் பார்த்தேன், மாமனார் நம்பவில்லை.

“மோரியோ மேரியோ, நானே வந்து பாக்கேன்” என்று செல்வி பெட்டியோடு கிளம்பினாள். அறைக்குள் நுழைந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மோரியில் ஊற்றி, அது இறங்கும்வரை பார்த்த பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போதெல்லாம் எதை எழுதினாலும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்க்கிறேன். இதிலும் இரண்டு கால்களை அவள்தான் போட்டாள்.