ஈசா டவுன் கேம் கடையில் விலை ஏறிய காரணம்

நாகலிங்கம் வாழ்நாளில் ஒரு வீடியோ கேம்கூட ஆடியதில்லை. ஆனால் பஹ்ரைனின் ஈசா டவுனில், இந்தியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருக்கும் கேம் கடையில் ஒன்பது வருடமாக அவர்தான் சேல்ஸ்மேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். கட்டட சைட்டில் சாரம் கட்ட வந்து, இடுப்புப் பிடித்துக்கொண்டதால் கடைக்கு மாறியவர். படிப்பு எட்டாவதோடு சரி. இருந்தாலும் அமெரிக்காவைப் பற்றி அவரிடம் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. காலையில் பல் தேய்க்கும்போதே போனில் உலகச் செய்தி அலசும் தமிழ் சேனல் ஓடிக்கொண்டிருக்கும்.

"ரெண்டே கட்சி. கூட்டணி கிடையாது, தொகுதிப் பங்கீடு கிடையாது. இதுக்கு எதுக்குய்யா ரெண்டு வருசம் பிரசாரம்?" என்பார் ரூமில். "எங்க ஒன்றியச் செயலாளர அனுப்புனா பதினஞ்சே நாள்ல முடிச்சுட்டு வந்துருவாரு."

புது கேம் டிஸ்க் இருபத்தாறு தினாரிலிருந்து முப்பதுக்கு ஏறியபோது, கடை முதலாளி கௌஸ் முகைதீன் ஒரே உத்தரவுதான் போட்டார். "யாராச்சும் ஏன்னு கேட்டா கம்பெனி விலைன்னு சொல்லு. கலாஸ், அதோட முடிச்சுக்க."

நாகலிங்கத்துக்கு அது போதவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்டூலை இழுத்துப் போட்டு விளக்கினார். சீனச் சாமானுக்கு அமெரிக்கா வரி போட்டது, அங்கே வட்டி ஏறினால் டாலருக்கு என்ன ஆகும், நம் தினார் டாலரோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று எல்லாம் வரும். கேட்டவர்கள் அமெரிக்காவை நாலு வார்த்தை திட்டிவிட்டு, ஒருவித நிம்மதியோடு முப்பது தினாரை எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வியாழக்கிழமை சம்யுக்தா என்ற டீச்சர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். அந்தப் பள்ளியில் பொருளாதாரம் எடுப்பவர். கார் ரேஸ் கேம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்குத்தான். ஏங்க முப்பது ஆயிடுச்சு?"

நாகலிங்கம் ஸ்டூலை இழுத்தார். சீனா, வரி, வட்டி எல்லாம் வந்தன. டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த டிஸ்க் எங்க செஞ்சதுன்னு போட்டிருக்குங்க?"

நாகலிங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆஸ்திரேலியா."

"ஆஸ்திரியாங்க. அது ஐரோப்பாவுல இருக்குது. அங்கிருந்து பஹ்ரைனுக்கு வர்ற வழியில அமெரிக்கா எங்கீங்க வருது?"

நாகலிங்கம் பெட்டியை வாங்கி இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எதுக்கு மேடம் ஏறுச்சு?"

"ஏத்திப் பார்த்தாங்க. எல்லாரும் வாங்குனாங்க. அவ்வளவுதானுங்க."

சொல்லிவிட்டு டீச்சரும் முப்பது தினார் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நாகலிங்கம் நேர்மையான மனிதர். மறுநாளிலிருந்து இதையே எல்லாரிடமும் சொன்னார். "நீங்க வாங்குறதாலதான் சார் ஏத்துறாங்க." முதலில் கேட்டவர் ஒரு வங்கி அதிகாரி. "அப்ப நான் இளிச்சவாயன்னு சொல்றீங்களா?" என்று டிஸ்க்கை வைத்துவிட்டு வெளியேறினார். அடுத்தடுத்து ஆறு பேர் அப்படியே போனார்கள்.

கௌஸ் முகைதீன் தலையில் கை வைத்தார். "லிங்கம், நீ பழையபடி அமெரிக்காவையே சொல்லுப்பா. அவன் இங்க வந்து ஏன்டான்னு கேக்கப் போறதில்ல."

"மனசு வரலயே பாய்."

இந்த நேரத்தில்தான் டீச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. விலை எப்படி உருவாகிறது என்று பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு கடைக்காரரே வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார். நாகலிங்கம் இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்தில் விருந்தினர் அட்டையோடு வகுப்புக்குள் போனார். பிள்ளைகள் எழுந்து நின்றதும் அவரும் பதறிப்போய், உட்காரலாமா என்று டீச்சரைப் பார்த்தார்.

பிள்ளைகள் பல மாநிலத்தவர். அவர் தமிழும் சைட்டில் பழகிய இந்தியுமாகக் கலந்து பேச, டீச்சர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். கடைசியில் ஸ்வாதி என்ற மாணவி எழுந்தாள்.

"அங்கிள், சோ, ப்ரைஸ் குறையணும்னா வி ஷுட் டூ வாட்?"

நாகலிங்கம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மத் லோ. தோ மஹினா மத் லோ. ரெண்டு மாசம் யாருமே வாங்காதீங்க. தன்னால எறங்கும்."

வகுப்பே கைதட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்குக் கிடைத்த கைதட்டலில், தான் எந்தக் கடையில் சம்பளம் வாங்குகிறோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த வாரமே கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. பிள்ளைகள் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, பக்கத்துப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"ஸ்கூல்ல பரீட்சையா?" என்றார் கௌஸ் முகைதீன்.

"இருக்கும் பாய்."

"இவ்வளவு நாளாவா பரீட்சை?"

ஐந்தாவது வாரம் நாகலிங்கத்துக்கு அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிட்டார். முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"என் கடையில வேல பாத்துக்கிட்டு, என் கடைக்கே பந்த் அறிவிச்சிருக்க."

"ஆமா பாய்."

"பிள்ளைகளும் கேட்டிருக்குதுங்க."

"நல்ல பிள்ளைக பாய்."

வேலை போய்விடும் என்றே நினைத்து நாகலிங்கம் பெட்டி கட்டும் மனநிலைக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த மாதக் கடைசியில் தலைநகர் மனாமாவிலிருந்து மொத்த வியாபாரியின் ஆள் முகம் தொங்கிப்போய் வந்தான். பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் சரக்கு நகரவில்லையாம். தேங்கிய டிஸ்க்குகளைக் குறைத்துத் தருவதாகச் சொன்னான். கௌஸ் முகைதீன் இருபத்திரண்டு என்று அட்டை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். பள்ளி விட்ட கால் மணி நேரத்தில் ஸ்வாதியின் தலைமையில் ஒரு படையே வந்து, பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அலமாரியைக் காலி செய்தது.

கூட்டம் போனபிறகு முதலாளியே இரண்டு சாயா வாங்கிவந்தார். இதுவரை நாகலிங்கம் அமெரிக்காவைப் பேசும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்தவர், இப்போது ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா லிங்கம், கீழக்கரையில ஒரு இடம் பாத்திருக்கேன். டாலர் இன்னும் ஏறுமா? இப்ப காச அனுப்பவா, பொறுக்கவா?"

நாகலிங்கம் வாயைத் திறந்தார். பிறகு சாயாவை ஒரு வாய் குடித்தார்.

"தெரியல பாய். டீச்சர்ட்ட கேட்டுச் சொல்றேன்."