அம்சா ஏன் சிம்ரனை இறக்கவில்லை

எங்கள் ஊர் ஓரிக்கையில் அம்சாவைப் பிடிக்காதவர்களை எண்ண ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். பிடித்தவர் என்றால் அவள் அம்மா அங்கம்மாள் ஒருத்திதான். அவளும் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

அம்சா காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து கோச். வருஷா வருஷம் ஆவணியில் புதுப்பிக்கிற வேலை. அவள் அப்பன் சிட்டிபாபு எனக்குப் பெரியப்பா மகன். அந்த வகையில் நான் அவளுக்குச் சித்தப்பா. எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் அந்த டீமில் ஆடுகிறார்கள். மேட்ச் என்றால் ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போய்விடுவோம். ஆரம்பத்தில் கை தட்டத்தான் போனோம். இப்போது திட்டுவதற்கென்றே போகிறோம்.

திட்டாமல் என்ன செய்வது? ஆறடிக்கு ஒரு விரல் குறைவாக வளர்ந்தவள், கோட்டு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பாள். ஜெயித்தாலும் பல்லைக் காட்ட மாட்டாள். அதனால் அவளுக்குக் கொக்கு என்று பேர். நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற பெண்ணைப் பாதியில் கூப்பிட்டு உட்கார வைப்பாள். ஏன் என்று ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்ல மாட்டாள். சொல்லாவிட்டால் என்ன, எங்களுக்கா தெரியாது? ரேவதியை உட்கார வைத்தால், ரேவதியின் அத்தை குழாயடியில் அங்கம்மாளோடு சண்டை போட்டவள், அதுதான் காரணம்.

சிம்ரனை உட்கார வைத்தால் யோசிக்கவே வேண்டாம். சிம்ரன் ராமராஜன் மகள். ராமராஜன் அங்கம்மாளுக்கு அண்ணன் மகன். அம்சாவுக்கு அவன்தான் என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்தது. பரிசம் போட நாள் குறித்த பிறகு அம்சா முடியாது என்றுவிட்டாள். அவன் தென்னேரியில் பெண் எடுத்தான். அம்சாவுக்கு இன்றுவரை கல்யாணம் இல்லை.

“தான் கட்டிக்காம வுட்டவன் பொண்ணு கூடையில போட்டா இவளுக்கு வயிறு எரியுதுபா” என்பான் தினகரன். செல்போன் கடை வைத்திருக்கிறான். மேட்சுக்குப் போகிற எங்கள் கூட்டத்துக்கு அவன்தான் தொண்டை.

இந்த ஆடியில் பைனல் மேட்ச் அந்தக் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. எங்கள் ஊர் எல்லையம்மனுக்கு அப்போது திருவிழா. மகள் ஜெயிக்க வேண்டும், அதற்கு அவளே தீ மிதிப்பாள் என்று வேண்டிக்கொண்ட ராமராஜன், அன்று காலையில் சிம்ரனைக் கோயிலுக்கு இழுத்துப் போய் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிவிட்டான். ஒரு கட்டு போதாதென்று மூன்று கட்டு. தீ மிதித்த பிறகுதான் அதை அவிழ்க்க வேண்டும்.

விசில் ஊதுவதற்கு முன்னால் ரெஃப்ரி அம்மாள் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பார்த்தாள். வளையல், கறுப்புக் கயிறு எல்லாம் கழன்றன. சிம்ரனிடம் வந்து நின்றாள்.

“இத கழட்டிட்டு வா. இல்லன்னா உள்ள வராத.”

சிம்ரன் அம்சாவிடம் ஓடினாள். நாங்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றோம். எல்லாம் காதில் விழுந்தது.

“மிஸ், கத்தரி குடுங்க. நானே வெட்டிக்கறேன்.”

மருந்துப் பெட்டியில் இருந்த கத்தரியை எடுத்து அம்சா தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

“போய் உக்காரு.”

“மிஸ், பைனல் மிஸ்!”

“உக்காருன்னேன்.”

மேலே துணி சுற்றி ஆடலாமா என்று ரெஃப்ரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக்கூட அவள் கேட்கவில்லை. அது தப்பு. இன்றைக்கும் தப்பு என்றுதான் சொல்வேன்.

கடைசி ஐந்து நிமிஷம் வேலியைப் பிடித்து உலுக்கினோம். “ஏய் கொக்கு! எறக்குடி அந்தப் பொண்ண!” என்று தினகரன் கத்தினான். “பழைய பகையப் பொண்ணு மேல தீத்துக்கினு இருக்கியா?” என்று ராமராஜனே கத்தினான். அவன் கட்டிவிட்ட கயிறுதான் இது என்பது அவனுக்கே மறந்து போனது. அம்சா திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பாயிண்டில் தோற்றோம். உட்கார்ந்த இடத்திலேயே சிம்ரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாளே தினகரன் மனு எழுதிவிட்டான். குடும்பப் பகைக்காக மாணவியின் வாழ்க்கையைக் கெடுத்த கோச்சுக்கு வேலையைப் புதுப்பிக்கக் கூடாது. கீழே அறுபது கையெழுத்து. மேலே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.

“நீங்க போடணும் பெரியவரே. சொந்த சித்தப்பாவே போட்டாருன்னா பிரின்சிபால் ஒண்ணும் பேச முடியாது.”

இரு, அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனேன். அவள் மைதானத்தில் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

“வெட்டிக்கறேன்னு அவளே சொன்னாளே, ஏம்மா வுடல?”

பம்பை நிறுத்தாமலே பேசினாள். “வெட்டியிருந்தா நாளைக்கு ராமராஜனுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அவளாலதான்னு சொல்வாங்க.”

“யாரு சொல்றாங்க?”

பம்பு நின்றது. “இன்னா சித்தப்பா, தெரியாத மாதிரி கேக்கறீங்க?”

தெரியும். அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது இதே எல்லையம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டினவர்கள் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. திருச்சியில் மேட்ச் இருந்தது. கயிற்றை வெட்டிப் போட்டுவிட்டுப் போனாள். கோப்பையோடு திரும்பி வந்தாள். பதினாறாம் நாள் சாயப்பட்டறையில் நூல் நனைத்துக்கொண்டிருந்த சிட்டிபாபு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். கை முழுக்கச் சாயம் ஒட்டியபடியேதான் கிடத்தினோம். தலைமாட்டில் நின்று, “அப்பன முழுங்கிட்டு நிக்கறா பாருங்க” என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. பிறகு அதையே ஊர் முழுக்கச் சொன்னது. அதற்கப்புறம் அம்சா ஒரு மேட்சும் ஆடவில்லை. குறித்த பரிசத்தையும் வேண்டாமென்றாள். எத்தனை பேர் வந்து பேசியும் கல்யாணத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

“துணி சுத்தலாமான்னு ரெஃப்ரிய கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“கேட்டிருக்கலாம். அந்தக் கயித்தப் பாத்தொடனே எனக்கு ஒண்ணும் ஓடல. அது என் தப்புதான். அதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கறேன்.” மனு என் சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். “போடறதுன்னா போடுங்க. என்னைக் கேட்டா அன்னிக்கு சொன்னீங்க?”

அந்தக் கடைசிச் சொல் சுட்டது. என் வயசுக்கு ஒரு மட்டு மரியாதை இல்லையா? அந்தச் சூட்டோடு நேரே தினகரன் கடைக்குப் போனேன். மூன்றாவது வரை படித்தவன். என் பேரை எழுத எனக்குத் தெரியும். அறுபது பேருக்கு மேலே எழுதினேன்.

ஆவணி பிறந்தது, வேலை புதுப்பிக்கப்படவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டிரில் எடுக்கிறாளாம்.

சிம்ரன் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். தீ மிதித்துக் காப்பு அவிழ்த்த இடத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

“வெட்டறேன்னு சொன்னது நானு, வேணாம்னது மிஸ்ஸு. அத ஏன் தாத்தா மனுவில எழுதல?”

“எழுதனது தினகரன். அவன போயி கேளு.”

“கேட்டேன். மொதல் பேரு உங்களுதுன்னு சொன்னாரு.”

இப்போது ஓர் ஆண் கோச் வந்திருக்கிறான், கூரத்துக்காரன். போன வாரம் ரேவதியைப் பாதியில் உட்கார வைத்தான். அவன் எந்த வீட்டுப் பிள்ளை, யாருக்கு என்ன முறை என்று தினகரன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். என்னையும் கேட்டான். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.