வர்ஷினிக்கு அளவெடுத்த உடுப்பு

அமீர்பேட் மெட்ரோ நிலையத்தில் மியாப்பூர் ரயில் வந்து போய்விட்டது. நஸ்ரின் ஏறவில்லை. முன்னால் நின்றிருந்தவரின் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. அவர் ரயிலோடு போன பிறகும் அந்தச் சரிவை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். மடியில் நீள நோட்டு. அதில் இருப்பதெல்லாம் முதுகுகள். மடிக்கணினிப் பை அழுத்திய முதுகு, குழந்தையை இடுக்கிக்கொண்டு ஒரு பக்கம் வளைந்த முதுகு, தூணில் சாய்ந்து தூங்கும் முதுகு. முகம் ஒன்றுகூடக் கிடையாது.

"முகத்த வரைஞ்சா என்னத்தப் பாக்குறேன்னு சண்டைக்கு வர்றாய்ங்கக்கா. முதுகு ஒண்ணும் கேக்காது" என்றாள் என்னிடம்.

நான் ஹப்சிகுடாவில் ஏறி, அமீர்பேட்டில் ரயில் மாறி, குகட்பள்ளியில் இருக்கும் வங்கிக்கு வேலைக்குப் போகிறவள். நான் கைபேசியில் தமிழ் பேசியதைக் கேட்டு ஒருநாள் அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். அன்றிலிருந்து காலையில் பத்து நிமிடம் நடைமேடையில் அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவது எனக்கும் வழக்கமாகிவிட்டது.

நஸ்ரினுக்கு வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் தேனிப் பக்கம் உத்தமபாளையம். அத்தாவுக்கு ஏலக்காய் வியாபாரம். இங்கே ஒரு தனியார் கல்லூரியில் ஊடகவியல் எம்.ஏ. கடைசி வருடம். எதிர்காலத்தில் நடக்கும் விண்வெளிக் கதைகள் என்றால் அவளுக்கு உயிர். கதையில் வருகிற ஆள் எப்படி நிற்பான், என்ன உடுத்துவான், எதைக் கண்டால் பின்வாங்குவான் என்பதையெல்லாம் படம் எடுப்பதற்கு முன்பே வரைந்து தீர்மானிக்கிறார்களே, அந்த வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. எந்தப் படமானாலும் முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். "வாயத் தொறக்காமலே அது யாருன்னு தெரியணும். இல்லேன்னா வரைஞ்சவன் சரியா வரையலேன்னு அர்த்தம்." பென்சிலை பிளேடால் சீவுவாள்; சீவல்களைக் காலியான ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவைப்பாள். யாராவது எதையாவது நீட்டினால் முதலில் "நக்கோ", வேண்டாம், என்பாள். பிறகு வாங்கிக்கொள்வாள்.

அந்த 'நக்கோ'வுக்கு ஒரு கதை உண்டு. பெயரைக் கேட்டதும் இங்கே எல்லோரும் அவளிடம் உருதுவில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அவளுக்கோ வீட்டில் பேசியது முழுக்கத் தமிழ். இங்கத்து உருதுவில் அவளுக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு சொல்தான். "முஸ்லிம் பொண்ணு, உருது தெரியாதாங்குறாங்க. தெலுங்கும் அரைகுறை. மூணு பாஷையில ஒருத்தி முழிக்கிறத வரையணும்னா என்னையத்தான்க்கா வரையணும்."

தங்கியிருப்பது அமீர்பேட்டில் ஒரு பெண்கள் விடுதி. அறைக்கு நான்கு கட்டில். மற்ற மூன்றிலும் தங்குகிறவர்கள் மூன்று மாதக் கணினிப் பயிற்சிக்கு வருகிறவர்கள். பயிற்சி முடியும், வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்புவார்கள். இரண்டு வருடம் தங்குகிற ஒரே ஆள் இவள்தான். ஒற்றைக்கால் மடக்கி நின்று பல் துலக்கும் வாரங்கல் பெண், பேசும்போதெல்லாம் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்ளும் குண்டூர்ப் பெண் என்று போனவர்களையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறாள். பாதிப் பேரின் எண்ணுக்குக் கூப்பிட்டால் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

இந்த அறையிலிருந்துதான் அவளுடைய இறுதி வருடப் படமும் பிறந்தது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் கப்பல் மாறுகிற ஒரு நிலையம். பயணிகள் வருவார்கள், போவார்கள். நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள் மட்டும் போகமாட்டாள். அவளுக்கு முகம் கிடையாது. வழவழப்பான தலைக்கவசம் ஒன்றுதான். நடையும் முதுகும் கைகளும்தான் பேச வேண்டும். வகுப்பில் இவளோடு குழுவாகச் சேர்ந்த நால்வரும் ஒரு வாரத்தில் கழன்றுகொண்டார்கள். செலவு பிடிக்கும், நேரம் போதாது என்றார்கள். அவர்கள் இன்னொரு குழுவோடு சேர்ந்து ஒரு காதல் கதை எடுத்தார்கள்.

அப்போதுதான் வர்ஷினி கை கொடுத்தாள். நாமக்கல்லிலிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்க வந்தவள். படிப்பு முடிந்தும் நேர்காணல்களில் தேறாமல் ஏழு மாதம் அந்த அறையிலேயே இருந்தாள். நல்ல உயரம், நஸ்ரின் அவள் தோளுக்குத்தான் வருவாள். "அந்த உடுப்ப நானே போட்டுட்டு நடக்கறேன் விடு, எனக்கென்ன வேலையா வெட்டியா" என்றாளாம்.

பழைய ஸ்கூட்டர் ஹெல்மெட், உடற்பயிற்சிக்கு விரிக்கும் ரப்பர் பாய், வாஷிங் மெஷின் குழாய் ஆகியவற்றால் உடுப்பு உருவானது. மாலை நேரங்களில் வர்ஷினி அறை நடுவே கையை விரித்துக்கொண்டு நிற்பாள். நஸ்ரின் ரப்பரை வைத்து வெட்டி ஒட்டிக்கொண்டே வர்ஷினியின் குறிப்பேட்டைப் பார்த்து நேர்காணல் கேள்விகள் கேட்பாள்.

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்."

"ஐ ஆம் வர்ஷினி, ஐ ஆம் ஃப்ரம்... ஏன்டி, இதப் போட்டுட்டு உக்கார முடியுமா?"

"உக்காரக் கூடாது. திரும்பச் சொல்லு. 'ஐ ஆம்' ரெண்டு தடவ வருது பாரு."

இரண்டு மாதம் இப்படி நடந்தது. உடுப்பும் முடிந்தது, வர்ஷினியின் ஆங்கிலமும் தேறியது. புனேயில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். படப்பிடிப்பு அதற்கடுத்த ஞாயிறு.

"ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பாக்கட்டுமாடி?" என்று வர்ஷினி கேட்டிருக்கிறாள்.

"வேணாம். வேற ஆளப் போட்டுருவாங்க. நீ கெளம்பு."

பெட்டியில் துணிகளை மடித்து வைத்ததும் நஸ்ரின்தான். மறுநாள் காலை பெஞ்சில் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல கம்பெனிக்கா. சனி, ஞாயிறு லீவு." அன்று நோட்டைத் திறக்கவே இல்லை.

வேறு ஆள் கிடைக்கவில்லை. தானே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள். அந்த ஞாயிறு காலை, விடுமுறையில் மூடியிருந்த ஒரு கணினிப் பயிற்சிக்கூடத்தில், விளக்குப் பிடிப்பதற்காக நானும் போயிருந்தேன். திரைகள் அணைந்த கணினிகள் வரிசையாக இருந்தன. உணவுப் பொட்டலம் சுற்றும் வெள்ளித் தாளைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தாள். உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோள்பட்டை முழங்கைப் பக்கம் இறங்கியிருந்தது. உடுப்பின் கை நுனி விரல்களைத் தாண்டித் தொங்கியது. மூன்று ஜோடி காலுறை போட்டும் பூட்ஸ் லொடலொடத்தது.

"வெட்டி சின்னதாக்கிடலாமே நஸ்ரின், பிளேடு இருக்குல்ல?" என்றேன்.

பிளேடைக் கையில் எடுத்தாள். கைப்பகுதியை மடித்துப் பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"வெட்டிட்டா, பெறகு அவ வந்தான்னா போட முடியாதுல்லக்கா."

முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஓடவிட்டு, கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் நிற்பாள். நடந்து முடித்ததும் கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து பார்ப்பாள். வேர்வை கண்ணில் வழிந்தது. நீண்டு தொங்கும் கையை ஒவ்வொரு நான்கடிக்கும் மேலே இழுத்துவிட வேண்டியிருந்தது. "இது கெடுக்குதே, கெடுக்குதே" என்று சொல்லிக்கொண்டே திரும்ப நடந்தாள். என் வீட்டில் அன்று விருந்தாளிகள். ஒரு மணி நேரத்தில் நானும் கிளம்பிவிட்டேன். விளக்கை ஒரு நாற்காலி முதுகில் கட்டிவைத்துவிட்டு மாலை வரை தனியாகவே எடுத்தாளாம்.

முடித்த படத்தை வர்ஷினிக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறி அன்றே வந்தது. பதில் நான்கு நாள் கழித்து வந்தது: "சூப்பர்டி! ஷிஃப்ட்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்." அதை எனக்குக் காட்டிவிட்டு, "பாவம், வேல ஜாஸ்தி போல" என்றாள்.

கல்லூரி அரங்கில் திரையிட்ட மதியம், உத்தமபாளையத்திலிருந்து யாரும் வர முடியாததால், அவள் வீட்டு ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். ஏழு நிமிடப் படம். வெள்ளிச் சுவர்களுக்கு நடுவே முகமில்லாத ஒருத்தி பெரிய உடுப்பில் இழுத்து இழுத்து நடக்கிறாள். கப்பல்கள் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தொங்கும் கையை மேலே தள்ளிவிட்டுக்கொள்கிறாள். படப்பிடிப்பில் நான் பார்த்த அதே தொல்லைதான். திரையில் அது அந்த நிலையக்காரியின் பழக்கமாகவே ஆகியிருந்தது. கைபேசி நோண்டிக்கொண்டிருந்த பின்வரிசையும் நிமிர்ந்து பார்த்தது.

நடுவராக வந்திருந்த அம்மாள் சினிமாவில் கலை இயக்குநர். மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்த உடுப்பு அவளுடையது இல்லை, அல்லவா? அதை வேண்டுமென்றேதான் பெரிதாக வடிவமைத்தாயா?"

நஸ்ரின் எழுந்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல மேடம். அது இன்னொருத்திக்குத் தெச்சது. அவ போயிட்டா" என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னாள்.

நடுவர் ஏதோ எழுதிக்கொண்டார். பாத்திர வடிவமைப்புக்கான பரிசு அவளுக்குத்தான் என்று அறிவித்தபோது அவள் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். வளையல் தடம் சாயங்காலம் வரை இருந்தது.

பரிசு வாங்கிய குழுக்கள் ஒவ்வொன்றாக மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டன. காதல் கதை எடுத்தவர்கள் எட்டுப் பேர்; ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, சிரித்து, இடம் போதாமல் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். அடுத்ததாக நஸ்ரினின் படத்தைக் கூப்பிட்டார்கள். அவள் மட்டும் ஏறினாள். புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, மற்றவர்கள் வருகிறார்களா என்று படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு, "மத்யலோகி ரண்டம்மா" என்று கையசைத்து அவளை மேடையின் நடுவுக்கு வரச் சொன்னார். நஸ்ரின் தலையாட்டினாள். கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றாள்.